முகங்காணாச் சீட்டாட்டம்

உழைத்துக் களைத்த உடலுக்கு உறக்கம் எவ்வாறு இன்றியமையாததோ, அவ்வாறே உழைத்துக் களைத்த உள்ளத்துக்கு விளையாட்டு இன்றியமையாதது. மைதானத்தில் ஓடியாடும் விளையாட்டுகளைப் பற்றி இத்தகைய மலர்களில் அறிஞர் பலர் எழுதுவர். வென்ற கிண்ணங்களின் வரலாற்றையும் விரித்துரைப்பர். யாம் ஈண்டு எழுதப் புகுவது அத்தகைய பெருமை யாதுமற்ற ஒரு விளையாட்டைப் பற்றியது. அதற்குக் கிண்ணமுமில்லை, கல்லூரிச் சரித்திரத்தில் இடமுமில்லை. விடுதியில் விளக்கணைத்த பின்னர், மெழுகுதிரி வெளிச்சத்தில், காலடியோசைக்கு அஞ்சி அஞ்சி ஆடப்பட்ட சீட்டாட்டமே அது. இதனைப் படித்துப் புன்முறுவல் பூக்கும் பழைய மாணவர் எவரெவர் என்று யாம் வினவப் போவதில்லை.

இக்கட்டுரைக்குக் காரணம் ஒரு மாணவன் எம்மிடம் தொடுத்த வினா. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் யாம் கைப்பேசியிலே நண்பர் மூவருடன் சீட்டாடுவதை அவன் எவ்வாறோ அறிந்திருந்தான். “சேர், எதிரில் ஒருவருமில்லை; கையில் சீட்டுமில்லை; காசும் வைப்பதில்லை என்கிறீர்கள். பிறகு அதில் என்னதான் இருக்கிறது?” என்றான். உடனே விடையிறுக்க எம்மால் இயலவில்லை. “நாளைக்குச் சொல்லுகிறோம்” என்று கூறி நழுவினோம். ஆசிரியர் எவரும் அறிந்த உபாயம் அது.

ஆயினும் வினா சிறிதன்று. உலகின் பல பாகங்களிலும் எண்ணிறந்தோர், ஒருவரையொருவர் காணாமலே, இணையவழியில் பிரிட்ஜ் முதலிய சீட்டாட்டங்களை நாடோறும் ஆடுகின்றனர். நம் நாட்டு முந்நூற்று நான்கும் ஓமியும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டன. கண்ணாடித் தகட்டில் விரலை வைத்துத் தள்ளும் இவ்வாட்டத்தில் இன்பம் எங்கிருந்து வருகின்றது என்பதை ஆராய்தல் தகும். அதற்கு முதலில் ஆட்டத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

முந்நூற்று நான்கின் இலக்கணம்

முந்நூற்று நான்கு இலங்கைத் தமிழரிடையே பெருவழக்கான ஆட்டம். ஐம்பத்திரண்டு சீட்டுகளில் இரண்டு முதல் ஆறு வரையுள்ளவற்றை நீக்கினால் முப்பத்திரண்டு எஞ்சும். ஒவ்வோர் இனத்திலும் எட்டுச் சீட்டுகள். அவற்றுள் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பில்லை. கூட்டிப் பார்த்தால் ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் 304. பெயர்க் காரணம் இதுவே. அரசனும் அரசியும் அடியிலே கிடக்க, ஏவலாளனாகிய ஜாக் முடிசூடி நிற்பது இவ்வாட்டத்தின் வேடிக்கை.

ஆடுவோர் நால்வர். எதிரெதிரே அமர்ந்த இருவர் ஒரு கட்சியினர். முதலில் நான்கு நான்கு சீட்டுகள் பகிரப்படும். அந்நான்கை மட்டும் பார்த்து, தம் கட்சி இத்தனை புள்ளி எடுக்கும் என்று கேட்டல் வேண்டும். 160க்குக் குறையாமற் கேட்பது முறை. மிகுதியாகக் கேட்டவர் தம் கையிலுள்ள ஒரு சீட்டைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். அஃது எவ்வினம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவருடைய துணைவருக்குந் தெரியாது. அதன் பின்னரே மற்றை நான்கு சீட்டுகளும் கைக்கு வரும். 160 கேட்டவர் கட்சி 160 எடுத்தல் வேண்டும். எதிர்க்கட்சி 145 எடுத்துவிட்டால் கேட்டவர் தோற்றவராவர்.

துரும்பு என்னும் சொல்லின் பொருத்தத்தையும் நோக்குக. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது நம் பழமொழி. இவ்வாட்டத்திலோ, ஒரு புள்ளியும் பெறாத ஏழு துரும்பாக அமைந்துவிட்டால், முப்பது புள்ளி பெறும் வேற்றினத்து ஜாக்கையும் வெட்டி வீழ்த்தும். எளியவன் காலம் வந்தால் என்ன செய்வான் என்பதைச் சிறுபிள்ளையும் கண்டு கைகொட்டும்.

முப்பத்திரண்டு சீட்டுகளே ஆயினும் அவற்றின் விரிவு பெரிது. ஒருவர் கைக்கு வரக்கூடிய எட்டுச் சீட்டுக் கூட்டங்கள் 1,05,18,300. நால்வர் கையையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஆயிரங் கோடி கோடி வகையாகப் பகிரலாம். ஆகவே, வாழ்நாள் முழுவதும் ஆடினாலும் ஒருமுறை வந்த பகிர்வு மறுமுறை வருதல் அரிது. ஒவ்வொரு கையும் புதிய வினாத்தாள். ஆயினும் புதுமை ஒன்றே இன்பத்துக்குக் காரணமாகாது. புதுமை மட்டும் போதுமாயின் தாயக்கட்டையை உருட்டிக்கொண்டிருக்கலாம்.

காரணம் துரும்பை மறைத்து வைக்கும் அவ்விதியிலேதான் இருக்கின்றது. துணைவர் வாய்திறந்து உரைத்தல் கூடாது. அவர் எதைக் கேட்டார், எதை இறக்கினார், எதை இறக்காமல் வைத்திருக்கின்றார் என்பவற்றைக்கொண்டே அவர் உள்ளத்தை உணர்ந்து நடத்தல் வேண்டும். தமிழ் படிப்பிக்கும் எமக்கு இது தொல்காப்பியர் கூறும் உள்ளுறையை நினைவூட்டுவதுண்டு. சொல்லப்பட்டது ஒன்று, அதன் வழியே உணரப்படுவது மற்றொன்று. உணர்ந்தவன் சரியான சீட்டை இறக்கும்போது, எதிரில் இருப்பவன் முகத்தில் தோன்றும் மலர்ச்சி ஒரு கவிதையை விளங்கிக்கொண்ட மாணவனின் முகமலர்ச்சியை ஒக்கும்.

தொலைவிலிருந்து வந்த மொழி

சீட்டாட்டம் ஒரு மொழி என்றோம். அம்மொழி நெடுந்தொலைவு நடந்து வந்தது என்பதற்கு இனங்களின் பெயர்களே சான்று. ஸ்கோப்பன், ஆடுத்தன், உருவித்தன், கலாவரை என்று நம் முதியோர் வழங்கிய பெயர்கள், ஊருக்கூர் சிறிது திரிந்து ஒலிப்பினும், ஸ்கோப்பன், ஹார்த்தன், ரெய்த்தன், கிளாவர் என்னும் ஒல்லாந்துச் சொற்களே. சிங்கள மக்கள் ஸ்கோப்ப, ஹாரத, ருவித, கலாபர என்பர். 1658 முதல் 1796 வரை இந்நாட்டின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் போயினர். அவர்தம் சீட்டுப் பெயர்கள் போகவில்லை. துரும்பு என்பதோ அவர்களுக்கும் முந்திய போர்த்துக்கேயரின் துருன்ஃபோ என்னும் சொல்லின் திரிபு. சிங்களத்திலும் அது துரும்புவே. ஜாக்கையும் ஒன்பதையும் உச்சியில் வைக்கும் வழக்கமும் ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் என்னும் ஆட்டத்தில் துரும்பினத்துக்கு உண்டு.

இதனால், மொனராகலை போன்ற ஓரிடத்தில் ஒரு நன்மை விளைகின்றது. இங்கு இறப்பர்த் தோட்டத்துத் தமிழரும் அயற்கிராமத்துச் சிங்களவரும் ஒரே சந்தையிற் கூடுவோர். முந்நூற்று நான்கு அறியாத சிங்கள நண்பருடன் அமர்ந்தால் ஓமி ஆடலாம். அதுவும் முப்பத்திரண்டு சீட்டு, நால்வர், இருவர் இருவராகக் கட்சி, நான்கு சீட்டுப் பார்த்துத் துரும்பு கூறுதல். மொழி அரைகுறையாயினும் ஆட்டம் குறைவின்றி நடக்கும்.

நான்காவது இடம்

நிற்க. இத்தகைய ஆட்டத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு. நால்வர் வேண்டும். மூவர் இருந்தாற் போதாது. ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் ஆட்டமே இல்லை.

இதனை யாம் எந்தையாரிடத்திற் கண்டோம். அவர் இளைஞராயிருந்த காலத்தில் பதுளைப் பகுதித் தோட்டமொன்றில், லயத்துத் திண்ணையில், சாக்கு விரித்து நால்வர் ஆடுவது வழக்கமாம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. எழுபதுகளில் அந்நால்வருள் இருவருக்கு முறை வந்தது. பதுளையிற் புகையிரதம் ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலிற் கடல் கடந்து, நீலகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தனர். கடிதம் வந்தது, பின்னர் நின்றது. எந்தையார் அதன்பின் முந்நூற்று நான்கு ஆடியதை யாம் கண்டதில்லை. இறப்பர் வளையம் போட்ட ஒரு பழைய சீட்டுக்கட்டு மட்டும் அவருடைய தகரப் பெட்டியில் இருந்தது. “ஆட ஆள் இல்லையா?” என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டோம். “ஆள் இருக்காங்க. எங்க ஆள் இல்ல” என்றார்.

அக்காலத்தில் ஒரு சீட்டை இறக்கி அதனைத் தபாலில் அனுப்பினால், ஒரு கை முடிவதற்கு ஆண்டுகள் செல்லும். இன்று நிலைமை வேறு. அது வேறானது எவ்வாறு என்பதைச் சிறிது காண்போம்.

கம்பிவழி வந்த பிரிட்ஜ்

இணையவழிச் சீட்டாட்டத்துக்கு முன்னோடி பிரிட்ஜ். 1925ஆம் ஆண்டில் ஹெரோல்ட் வன்டர்பில்ட் என்னும் அமெரிக்கர் பனாமாக் கால்வாய் வழியே கப்பற் பயணஞ் செய்தபோது, முன்னிருந்த ஆட்டத்துக்குப் புதிய புள்ளிமுறை ஒன்றை வகுத்தார். அதுவே இன்று உலகெங்கும் ஆடப்படும் காண்ட்ராக்ட் பிரிட்ஜ். ஐம்பத்திரண்டு சீட்டும் பயன்படும், ஒருவருக்குப் பதின்மூன்று, எதிரெதிர் அமர்ந்தோர் துணைவர். அதிற் கேட்கும்போது ஒருவர் சொல்லக்கூடியவை முப்பத்தைந்து கேள்விகளும், இல்லை என்றல், இரட்டித்தல், மீண்டும் இரட்டித்தல் என்னும் மூன்றுமாக முப்பத்தெட்டுக் கூற்றுகளே. முப்பத்தெட்டே சொற்களையுடைய ஒரு மொழியாற் பதின்மூன்று சீட்டுகளின் நிலையைத் துணைவனுக்கு உணர்த்துதல் வேண்டும். எதிரிகளும் அதனைக் கேட்டுக்கொண்டிருப்பர்.

இத்துணைச் சுருங்கிய மொழியானபடியினாலேதான் அது கம்பிவழி எளிதிற் சென்றது. ஓடும் படத்தை அனுப்புவதற்குப் பேரளவான தரவு வேண்டும். ஒரு சீட்டு இன்னதென அறிவிப்பதற்கோ, ஒன்று முதல் ஐம்பத்திரண்டு வரையுள்ள ஓர் எண் போதும். படங்கள் ஓடாத மெதுவான இணைப்புகள் இருந்த 1990ஆம் ஆண்டிலேயே, மாத்தியு கிளெக் என்பவர் ஓகேபிரிட்ஜ் என்னும் நிரலை ஆக்கி, வெவ்வேறு ஊர்களிலிருந்தோரை ஒரு மேசையில் அமர்த்தினார். 2001ஆம் ஆண்டில் ஃபிரெட் கிற்றெல்மன் என்னும் கனடிய ஆட்டக்காரரின் பிரிட்ஜ் பேஸ் ஒன்லைன் தொடங்கியது. பெருஞ்செல்வராகிய வொரன் பஃபெற் கணினியை விரும்பாதவராக இருந்து, தொலைவிலுள்ள துணைவரோடு பிரிட்ஜ் ஆடுவதற்காகவே 1990களில் அதனை வாங்கினார் என்பது பலரறிந்த செய்தி.

இவ்வுண்மை ஊவாவில் வாழும் நமக்குப் பொருளுடையது. 2021ஆம் ஆண்டில், பாடசாலைகள் மூடப்பட்ட வேளையில், லுணுகலைப் பகுதிப் பிள்ளைகள் மலையுச்சி மரமொன்றில் அமைத்த பரணில் ஏறி அலைவரிசை பெற்றுப் பாடம் படித்தமையை உலகச் செய்தி நிறுவனங்கள் வெளியிட்டன. மலைமறைவுகளில் ஒளிப்படம் உறைந்து நிற்கும். குரல் அறுந்து அறுந்து வரும். அத்தகைய இடத்திலும் ஒரு சீட்டு வந்து சேர்ந்துவிடும். யாம் வாழும் இடத்திலும் நண்பர் முகத்தைத் தெளிவாகக் காண இயலாத இரவுகளில் ஆட்டம் தடையின்றி நடப்பதுண்டு.

கூடியனவும் குறைந்தனவும்

இணையவழியாற் கூடிய நன்மைகள் சில. சீட்டைக் கலைப்பது பொறி. ஆகவே கலைத்தவன்மேல் ஐயமில்லை. கையில் அவ்வினச் சீட்டிருக்க வேற்றினத்தை இறக்கும் பிழையைப் பொறி அனுமதியாது. புள்ளி எழுதுபவனோடு பிணக்கில்லை. முடிந்த கையை மீண்டும் விரித்து, எவ்விடத்திற் பிழைத்தோம் என்று ஆராயலாம். நான்காவது ஆள் வராவிடில் பொறியே ஓரிடத்தில் அமரும். பிரிட்ஜில் மற்றொரு வசதியும் உண்டு. ஒரே பகிர்வைப் பல மேசைகளில் ஆடச்செய்து, அதே சீட்டுகளைப் பெற்ற பிறர் என்ன செய்தனர் என்று ஒப்புநோக்கலாம். நேரில் ஆடும் போட்டிகளிலும் நெடுங்காலமாக உள்ள முறையே இது. இணையத்தில் நொடியில் நடைபெறுகின்றது. “எனக்குச் சீட்டு வரவில்லை” என்னும் பழைய சாட்டு அங்குச் செல்லாது.

முதுமையும் தடையன்று. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், ஆடவர் இணை பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத்தந்த பிரணாப் பர்தனுக்கு வயது 60; அவருடைய துணைவர் சிப்நாத் சர்க்காருக்கு 56. மைதானத்தை விட்டு நெடுநாளாகிய பழைய மாணவர்க்கு இஃது ஆறுதல் தருஞ் செய்தி.

குறைந்தவையும் உள. இஞ்சித் தேநீர் இல்லை. சீட்டை ஓங்கித் தரையில் அடிக்கும் ஓசை இல்லை. பின்னால் நின்று இரண்டு கையையும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடும் வேடிக்கை பார்ப்போன் இல்லை. கண்சாடை காட்டித் துணைவனுக்குத் துரும்பை உணர்த்தும் திருட்டும், அதைக் கண்டுபிடித்த எதிரியின் கூச்சலும் இல்லை. களவு முற்றாக ஒழிந்துவிட்டது என்று கருதவேண்டா. 2020இற் போட்டிகள் இணையத்துக்கு மாறிய வேளையில், வேறு பெயரில் நுழைந்து எல்லார் கையையும் பார்த்த பெயர்பெற்ற ஆட்டக்காரர் சிலர், பின்னர் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

முகம் மறைவதாற் பேரிழப்பு என்று பலரும் கருதுவர். ஆயின் பிரிட்ஜின் வரலாறு வேறொன்றைக் காட்டுகின்றது. முகக்குறிப்பாலும் குரலாலும் துணைவனுக்கு அறிவித்தல் அவ்வாட்டத்திற் குற்றம். அதனைத் தடுக்கவே 1975ஆம் ஆண்டு உலகப் போட்டியில், துணைவர் இருவருக்குமிடையே மேசைக்குக் குறுக்காகத் திரை கட்டினர். நேரில் அமர்ந்தும் முகங்காணாமல் ஆடுவதையே உயர்ந்த ஆட்டம் எனக் கொண்டனர். முகம் மறைந்தபின்னும் எஞ்சி நிற்பதே ஆட்டத்தின் உயிர் என்பது இதனாற் போதரும். அவ்வுயிர் யாது என்பதை யாம் கற்றது ஒரு துயரமான காலத்தில்.

ஒரு சீட்டு உரைத்த செய்தி

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் விடுதியில் எம்மோடு ஆடிய நால்வர் கூட்டம், உயர்தரப் பரீட்சைக்குப்பின் சிதறியது. ஒருவன் கனடா சென்றான். மற்றொருவன் கொழும்பிற் கணக்காளனானான். எம் துணைவனாக எதிரே அமர்ந்தவன் கட்டார் நாட்டுக்குப் போனான். யாம் ஆசிரியர் கலாசாலையிற் பயின்று மொனராகலைக்கு வந்தோம். இருபது ஆண்டுகளாகக் கலியாண வீடுகளிலும் மரண வீடுகளிலும் இருவர் மூவராகச் சந்தித்தோமேயன்றி, நால்வரும் ஒருங்கு கூடியதில்லை.

2020 மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. அடுத்த சில வாரங்களிற் கனடாவிலிருப்பவன் கைப்பேசியில் முந்நூற்று நான்கு ஆடும் வழியைக் கண்டு எங்களைக் கூட்டினான். ஞாயிறு இரவு ஒன்பது மணி எமக்கு. அவனுக்கு முற்பகல் பதினொன்றரை. டோகாவில் மாலை ஆறரை. முதலாவது கையிலேயே யாம் வியந்தது ஒன்றுண்டு. இருபது ஆண்டுகள் சென்றும் எவனும் மாறவில்லை. துணிந்து கேட்பவன் துணிந்தே கேட்டான். அஞ்சுபவன் அஞ்சினான். எம் துணைவன், விடுதியிற் செய்தது போலவே, முந்நூற்று நான்கு புள்ளியையும் கடைசிச் சீட்டுவரை மனத்தில் எண்ணி ஆடினான்.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் அவன் ஆட்டம் மாறியிருந்தது. நல்ல கையிருந்தும் 160க்கு மேற் கேட்கவில்லை. எதிர்க்கட்சியின் ஜாக் வெளிவராதிருக்க ஒன்பதை இறக்கி இருபது புள்ளியை இழந்தான். இது புதிதாய்ப் பழகுவோன் செய்யும் பிழை. அடுத்த கையிலும் அதனையே செய்தான். கனடாவிலிருப்பவன், “மச்சான், நித்திரையா?” என்று எழுதினான். விடை வரவில்லை. ஆட்டம் முடிந்தபின் யாம் தனியே அவனை அழைத்தோம். வேலை செய்த இடம் மூடப்பட்டு ஐந்து வாரமாகியிருந்தது. ஓர் அறையில் எண்மர். சம்பளமில்லை. வீட்டுக்கு அறிவிக்கவில்லை, நாடோறும் மனைவியுடன் பேசி, வேலை நடக்கின்றது என்றே கூறியிருந்தான். “எதுக்குடா ஞாயிற்றுக்கிழமை தவறாம ஆட வந்த?” என்று கேட்டோம். “அந்த ஒரு மணித்தியாலம்தான் மச்சான், எல்லாம் முந்தி மாதிரி இருக்குது” என்றான்.

பின் நடந்தது நண்பர் யாவரும் செய்யக்கூடியதே; அதனை விரிக்க வேண்டியதில்லை. அவன் அவ்வாண்டிறுதியில் நாடு திரும்பினான். பின்னர் மீண்டும் டோகா சென்று இன்று நலமாக இருக்கின்றான். யாம் கூற விழைவது ஒன்றே. நாடோறும் குரலைக் கேட்ட மனைவிக்குத் தெரியாததை, முகங்காணாத எமக்கு ஓர் ஒன்பது தெரிவித்தது. அவன் எப்போதும் எப்படி ஆடுவான் என்பதை யாம் அறிந்திருந்தமையே காரணம்.

சூதும் ஆட்டமும்

இவ்வளவும் கூறியபின், சீட்டைக் கண்டால் நம் பெற்றோர் ஏன் சினந்தனர் என்பதையும் கூறாதுவிடல் நேர்மையன்று. சம்பள நாளன்று மாலை, லயத்துக் கோடியிற் காசு வைத்து ஆடுவோரையும், அடுப்பெரியாத வீடுகளையும் அவர்கள் கண்டிருந்தனர். நளன் நாடிழந்ததும் தருமன் நாடிழந்ததும் கவற்றினால். திருவள்ளுவர் பொருட்பாலிற் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அக்காலத்தில் ஊருக்கொரு சூதாடுகளம் இருந்தது. இன்று அது பிள்ளைகளின் சட்டைப்பையிற் புகுந்துவிட்டது. காசு வைத்து ரம்மி ஆட அழைக்கும் செயலிகள் இரவும் பகலும் திறந்திருக்கின்றன.

தமிழகத்தின் அனுபவம் நமக்குப் பாடம். ரம்மி பெரிதும் திறமையால் ஆடப்படுவது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1968இற் கூறியது. பின்னர் அது கைப்பேசியிற் காசாட்டமாகப் பரவி, கடன்பட்டோர் உயிர்மாய்த்த செய்திகள் பெருகவே, தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு தடைச்சட்டம் கொணர்ந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனக் கூறி, அத்தடை அவற்றுக்குப் பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. இறுதியில், திறமையா தற்செயலா என்னும் வேறுபாடே கருதாது, காசு வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட் மாதத்தில் நிறைவேற்றியது.

திறமை இருக்கின்றது என்பதனால் மட்டும் ஓர் ஆட்டம் தீங்கற்றதாகிவிடாது என்பது இதனால் விளங்கும். ஆகவே, மாணவர்க்கு யாம் கூறும் அளவுகோல் வேறு. முதலாவது, காசு உண்டா என்று பார்க்க. உண்டெனில் உடனே விலகுக. இரண்டாவது, உனக்கு அங்கு ஒரு துணைவன் உண்டா என்று பார்க்க. முந்நூற்று நான்கிலும் ஓமியிலும் பிரிட்ஜிலும் உன் வெற்றியிற் பாதி இன்னொருவனுடையது. காசாட்டத்திலோ எல்லாரும் எல்லார்க்கும் பகைவர். மூன்றாவது, ஆட்டத்துக்கு முடிவு உண்டா என்று பார்க்க. எங்கள் ஆட்டம் ஒரு மணி நேரத்தில் முடியும். நால்வருள் ஒருவனுக்கு நித்திரை வந்தாலே முடிந்துவிடும். பொறிக்கு நித்திரை வாராது. அதனோடு தனித்திருந்து ஆடத் தொடங்கியவனுக்கு எழுந்திருக்கும் வேளை தெரிவதில்லை. பரீட்சை நெருங்கும் மாணவன் இம்மூன்றாவதை மிகவும் எண்ணுதல் வேண்டும்.

மாணவனுக்கு விடை

“நாளைக்குச் சொல்லுகிறோம்” என்று நழுவியதன் விடையை இப்போது கூறுவோம். எதிரில் ஒருவருமில்லை என்றாய், தம்பி. உண்டு. யாம் கேட்டதையும் இறக்கியதையும் கூர்ந்து நோக்கி, யாம் கூறாததை உணரும் ஒருவன் உண்டு. உலகில் நம்மோடு பேசுவோர் பலர். நாம் பேசாதிருக்கும்போதும் நம்மை அறிவோர் மிகச் சிலர். அத்தகைய ஒருவனோடு ஒரு மணி நேரம் ஒரே கட்சியில் இருத்தலே இவ்வாட்டத்தின் இன்பம். இணையவழி இவ்வின்பத்தைப் படைக்கவில்லை. கடலும் மலையும் அதனைப் பறித்துவிடாமற் காத்துத் தருகின்றது. எந்தையார் காலத்தில் அவ்வுதவி இருக்கவில்லை. நமக்கு இருக்கின்றது.

ஆனால், அத்தகைய துணைவனை இணையத்தில் தேடிப் பெறுதல் எளிதன்று. அவனை முதலில் ஒரே வகுப்பறையில், ஒரே விடுதியில், ஒரே சோற்றுத் தட்டில் அறிந்திருத்தல் வேண்டும். எமக்கு அந்நட்பைத் தந்தது இக்கல்லூரி. அன்று எங்கள் சீட்டுக்கட்டைப் பறித்துக்கொண்ட விடுதி ஆசிரியரையும் யாம் நன்றியோடு நினைக்கின்றோம். பிடிபட்டபோது நால்வருள் ஒருவனும் மற்றவனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை அவராலன்றோ அறிந்தோம்!

எங்கெங்கோ சிதறியிருக்கும் பழைய மாணவர்களே, உங்கள் பழைய மேசையில் வெறுமையாகக் கிடக்கும் இடம் எவருடையது என்று சிறிது எண்ணிப் பாருங்கள். அவனை அழையுங்கள். சீட்டு ஒரு சாட்டு மட்டுமே. பல்லாண்டு மாணவரை ஒன்றுகூட்டிய நம் கல்லூரி, இன்னும் பல்லாண்டு அப்பணியாற்றி ஓங்குக.